யானை தோற்ற புதன்கிழமை

1976 நவம்பர் இரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை. மெல்பேர்ணில் குதிரைப் பந்தய விடுமுறை, அமெரிக்காவில் தேர்தல். அன்று பின்னேரம் பெய்த மழையைப் பற்றி இந்த ஊர்க்காரர் வெகுகாலம் பேசினார்கள். பந்தயத் திடலில் குதிரைகள் சேற்றில் ஓடின. டண்டினொங்கில் எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில் என் கணவரும் என் தம்பியும் நனைந்தபடி, உடுப்புக் காயப்போடும் சுழல்கம்பியில் வானொலிக்கான செப்புக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றடித்தால் சுழல்கம்பி திரும்பும். அது திரும்பினால் வொஷிங்டன் வானொலி போய், தெரியாத மொழியில் யாரோ பாடுவார்கள். கணவர் வெளியே நின்று கம்பியைப் பிடிக்க, தம்பி குசினி யன்னலால் தலையை நீட்டிக் கத்தினான்.

"அத்தான், கொஞ்சம் இடக்கைப் பக்கம்! ஐயோ, உங்கட இடக்கை இல்லை, என்ரை இடக்கை!"

"உனக்கேதடா இடக்கை? நீ முழு வலதுசாரியெல்லோ!"

பொழுதுபட்டும் முடிவு வரவில்லை. அமெரிக்காவின் செவ்வாய் முடிய எங்களுக்குப் புதன் பின்னேரம் ஆகிவிடும் என்பதைப் பொருளாதாரம் படித்த தம்பியும் யோசிக்கவில்லை, லேத்தில் மயிரிழை பிசகாமல் இரும்பு கடையும் கணவரும் யோசிக்கவில்லை. நான் சொன்னபோது இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

அமெரிக்கத் தேர்தலில் எங்களுக்கென்ன என்று கேட்கலாம். இலங்கையில் யானை ஒரு கட்சியின் சின்னம். 1970இல் அந்த யானை தோற்றது. வென்றவர்கள் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் துணியும் உள்ளே வராமல் தடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வெங்காயம் நட்ட என் மாமனார் அந்த ஆண்டுகளில் கல்வீடு கட்டி, உழவு இயந்திரமும் வாங்கினார். குருநாகலில் புடவைக்கடை வைத்திருந்த என் அப்பா, விற்கத் துணியில்லாமல் கடையைப் பூட்டினார். அப்பா கதவில் பூட்டைப் போட்டபோது பக்கத்தில் நின்றவன் தம்பி.

அமெரிக்காவிலும் ஒரு கட்சிக்குச் சின்னம் யானை. தம்பிக்கு அது போதும். அது வேறு நாட்டு யானை, வேறு கதை என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

"யானை எண்டால் யானைதான் அக்கா. எங்க நிண்டாலும் சந்தையைத் திறந்துவிடும்."

மற்றக் கட்சிக்குச் சின்னம் கழுதை. அதன் வேட்பாளர் நிலக்கடலை பயிரிடும் தோட்டக்காரர் என்று கேள்விப்பட்ட நாளே என் கணவர் கழுதையின் பக்கம் சேர்ந்துவிட்டார். இருவருக்கும் அந்த நாட்டில் வாக்கு இல்லை. இருவரும் அந்த நாட்டைக் கண்டதும் இல்லை.

ஆனாலும் கணவருக்கு வேறொரு நியாயமும் இருந்தது. அவர் வேலைசெய்த மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் முதலாளிகள் அமெரிக்காவில் இருந்தார்கள். யானைக் கட்சி மறுபடி வந்து, விலைவாசியை அடக்குகிறோம் என்று அங்கே செலவைக் குறைத்தால் இங்கே ஒரு ஷிஃப்ட் நின்றுவிடும் என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, நவம்பர் பதினொன்றில், இந்த நாட்டின் தொழிற்கட்சி அரசு கலைக்கப்பட்ட செய்தி வந்த பின்னேரம், தொழிற்சாலை வாசலில் அந்த அரசுக்கு ஆதரவாகவும் எதிராகவும் இரண்டு கூட்டங்கள் இரும்புக் குழாய்களோடு மோதின. ஒரு கிரேக்கரின் தாடை உடைந்தது. என் கணவர் முன்பல் ஒன்றைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாயில் இரத்தத்தோடு சிரித்தார். "நான் அடிச்சது இதைவிடக் கூட" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி 1974இல் மாணவர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருந்தவன். ஒவ்வொரு ஆண்டும் அதைப் புதுப்பிக்கவேண்டும். அவனோடு படித்த மலேசியத் தமிழ்ப் பையன் ஒருவன் மதுக்கடையில் ஒருவனை அடித்ததால் வழக்காகி, படிப்பு முடிய ஒரு தவணை இருக்கையில் திருப்பி அனுப்பப்பட்டான். அவனை வழியனுப்ப விமான நிலையம் போய்வந்த தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி திரும்பிப் போனால் அங்கே கடை இல்லை, வேலை இல்லை. அவன் பட்டம் வாங்கி, உழைத்து அனுப்பப்போகும் காசை நம்பி அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். "ஆரோடையும் கைநீட்டாதை" என்று நான் அவனுக்குச் சொல்லாத வாரமில்லை. அவன் கைநீட்டப்போவது எங்கள் குசினிக்குள்தான் என்று நான் நினைக்கவில்லை.

புதன்கிழமை வெயில் எறித்தது. நிலம் மட்டும் இன்னும் ஈரம். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. நான் வேலைசெய்த நூலகத்தில் இருந்து வந்து, அவித்த கோதுமை மாவைக் குழைத்து, ஊரில் இருந்து கொண்டுவந்த, கையில் பிடித்து அழுத்தும் மர உரலில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. கணவர் வேலை முடிந்து வந்து, சம்பலுக்கு உரித்து வைத்த வெங்காயத்தின் முன் கதிரையில் இருந்தார். தம்பி வானொலிக்குக் காதைக் கொடுத்தபடி நின்றான். ஒவ்வொரு மாநிலமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். யானை பின்தங்கிப் பின்தங்கி, கொஞ்சம் கிட்ட வந்தது. தம்பி கைதட்டினான். கணவர் மேசையில் குத்தினார். சாப்பாட்டு நேரத்துக்குக் கழுதை வென்றது என்று சொல்லிவிட்டார்கள்.

கணவர் எழுந்து நின்று கழுதைபோலக் கத்தினார். நானும் சிரித்துவிட்டேன்.

"இனிப் பாருங்கோ," என்றான் தம்பி. "வேலையில்லாதவனுக்கெல்லாம் காசை அச்சடிச்சுக் குடுப்பினம். பாண் விலை ஏறும். பிறகு அதே ஆக்கள் ஐயோ எண்டு அழுவினம்."

"சும்மா குடுக்கிற காசிலதானேடா நீ படிக்கிறாய்? யூனிவர்சிட்டிக்கு ஒரு சதம் கட்டினனியோ? உனக்கு அதை இலவசமாக்கினது யானையோ, இஞ்சத்தைத் தொழிற்கட்சியோ?"

"நான் கேட்டனானோ?"

"வேண்டாமெண்டு சொன்னனியோ?"

தம்பியின் முகம் சிவந்தது. வானொலியைப் படாரென்று நிறுத்தினான். "உங்கட அப்பா வெங்காயம் வித்துக் கட்டின வீடிருக்கே அத்தான், அது எங்கட அப்பான்ரை கடையை இடிச்ச கல்லில கட்டினது."

"கொப்பருக்கு யாவாரம் தெரியாது. அதுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?"

"இஞ்சேருங்கோ, காணும்," என்றேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"யாவாரம் தெரியாதோ? தடை போட்டு, மற்றவன்ரை வயித்தில அடிச்சு விக்கிறதுக்குப் பேர் யாவாரமோ? அது களவு!"

கணவர் மேசையைச் சுற்றி வந்தார். தம்பியின் தலைமயிரை ஒரு கையால் பின்னுக்கு இழுத்து, மறுகையால் ஒரு முழு வெங்காயத்தை அவன் வாய்க்குள் அடைத்தார். "தின்னடா. களவெடுத்த வெங்காயம். தின்!" லேத்தில் இரும்பைப் பிடிக்கிற கை அது. பல்லில் உதடு கிழிந்து நாடியால் இரத்தம் வழிந்தது. தம்பிக்கு மூச்சு முட்டியது. கண் பிதுங்கியது. அவன் கை மேசையில் எதையோ தேடியது. என் கையில் இருந்த உரலைப் பறித்தது.

மாவோடு சேர்ந்து கனத்த கட்டை அது. முதல் அடி தோளில் பட்டது. இரண்டாவது இடது புருவத்தில். சத்தம் தேங்காய் உடைத்ததுபோல் இருக்கவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல் இருந்தது. புருவம் திறந்து, இரத்தம் ஒரு திரையாகக் கண்ணை மூடியது. உரலில் இருந்த மா அவர் கன்னத்தில் ஒட்டிச் சிவந்தது.

அவர் விழவில்லை. குருடன்போலக் கையை நீட்டி, தம்பியின் கழுத்தைக் கண்டுபிடித்து, அவனைக் குளிர்சாதனப் பெட்டியோடு சேர்த்து அழுத்தினார். பெட்டி சுவரில் மோதி மோதிப் பின்வாங்கியது. உள்ளே போத்தல்கள் உடைந்தன. தம்பியின் கால்கள் நிலத்தில் உதைத்து, பிறகு உதைப்பது குறைந்தது. நான் அவர் முதுகில் அடித்தேன். சட்டையைக் கிழித்தேன். கையைக் கடித்தேன். அவருக்கு அது தெரியவே இல்லை.

அடுப்பில் கொதித்த சட்டியைத் தூக்கினேன். "விடாட்டி ரெண்டுபேரிலையும் ஊத்துவன்!" விடவில்லை. அவர்கள் கால்களுக்குக் கிட்ட நிலத்தில் ஊற்றினேன். கொதிநீர் தெறித்துக் கணவரின் வெறுங்காலில் பட, அவர் அலறிக்கொண்டு கையை எடுத்தார். தம்பி சரிந்து விழுந்து, வெங்காயத் துண்டுகளையும் இரத்தத்தையும் சத்தியெடுத்தான்.

பக்கத்து வீட்டுக் கிழவர் பொலிசைக் கூப்பிட்டிருந்தார். முதல்நாள் மழையில் இவர்கள் சுழல்கம்பியோடு ஆடிய ஆட்டத்தை வேலியால் பார்த்துச் சிரித்த அதே மனிதர்தான். இரண்டு பொலிஸ்காரர் பின்கதவால் வந்தார்கள். நிலத்தில் நீராவி, இரத்தம், மா. கதிரையில் ஒரு துணியை முகத்தில் அழுத்தியபடி கணவர். சுவரில் சாய்ந்து தம்பி. அவன் கழுத்தை மூடி, மேல்பொத்தானைப் போட்டுவிட்டிருந்தேன். உரலைக் காணவில்லை. அது எங்கே போனது என்று நான் தேடவும் பயந்தேன். பிறகு பார்த்தால் கணவரின் கதிரைக்குப் பின்னால் அவரே காலால் தள்ளி வைத்திருந்தார்.

மூத்த பொலிஸ்காரர் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் வயிற்றைப் பார்த்து, உன் கணவன் உன்னை அடித்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு கணவரிடம் திரும்பி, இதைச் செய்தது யார் என்றார்.

தம்பியின் பெயர், அந்த ஒரு சொல், என் கணவரின் வாயில் இருந்தது. தம்பி நிலத்தைப் பார்த்தான். மலேசியப் பையனின் முகம் எனக்கு நினைவு வந்தது.

"வெளியில கம்பி சரிப்பண்ணப் போனேன்," என்றார் கணவர், தன் உடைந்த ஆங்கிலத்தில். "நிலம் ஈரம். வழுக்கினேன். சீமெந்து விளிம்பு."

"அப்படியென்றால் இவன் உதடு?"

"என்னைத் தூக்க வந்தான். அவனும் வழுக்கினான்."

பொலிஸ்காரர் குசினியை மறுபடி ஒருதரம் பார்த்தார். அவர் நம்பவில்லை. பந்தயத்துக்கு அடுத்தநாள் இப்படியான வீடுகள் பலவற்றை அவர் கண்டிருக்கவேண்டும். "நேற்று எந்தக் குதிரையில் கட்டினாய்?" என்றார்.

"குதிரையில் இல்லை. கழுதையில். வென்றுவிட்டது."

இளைய பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாசலில் கார் புறப்பட்ட சத்தம் கேட்டதும் கணவர் துணியை எடுக்காமலே சொன்னார்: "உன்ரை உடுப்பை எடு. நான் ஆஸ்பத்திரியால வரேக்க நீ இஞ்ச நிக்கக்கூடாது. நிண்டால் இந்தமுறை உண்மையைச் சொல்லுவன்."

தம்பி சிட்னிக்குப் போனான். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சிநேகிதனின் அறையில் இருந்து, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தான். விசா புதுப்பிக்கப்பட்டது. கணவருக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். ஆனால் இடக்கண்ணின் ஓரப் பார்வை திரும்பவில்லை. லேத்தில் நிற்க விடாமல் அவரைப் பொதிகட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். டொக்டர் கேட்டபோதும், மேற்பார்வையாளர் கேட்டபோதும் அதே ஈர நிலம், அதே சீமெந்து. எங்கள் மகள் 1977 மார்ச்சில் பிறந்தாள். தாய்மாமன் வரவில்லை. வா என்று சொல்ல எனக்கு இந்த வீட்டில் உரிமை இருக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் இலங்கையில் தேர்தல் நடந்தது. யானை வென்றது, எதிரே நின்றவர்களைத் துடைத்தெறிந்தது. ஓகஸ்ட்டில் தமிழர் வீடுகள் எரிந்தன. குருநாகல் என்ற பெயரையும் செய்தியில் சொன்னார்கள். ஒரு கிழமை அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இருந்தோம். பிறகு மாமனாரிடமிருந்து கணவருக்கு ஒரு தந்தி வந்தது. அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. கணவர்தான் எடுத்தார். மறுபக்கக் குரல் குசினிவரை கேட்டது.

"அத்தான்."

இவர் தொலைபேசியை வைத்துவிடவில்லை.

"அத்தான், அம்மாவையளைப் பற்றி ஏதும்..."

"உயிரோட இருக்கினம். கடைக்கட்டிடம் எரிஞ்சு போச்சு. கப்பலில காங்கேசன்துறைக்கு வந்து, எங்கட வீட்டில நிக்கினம்."

எங்கட வீடு என்றால் வெங்காயம் விற்றுக் கட்டிய வீடு.

"அத்தான், உங்கட கண்... நான் அண்டைக்கு..."

"அண்டைக்கு என்ன? நிலம் ஈரம். வழுக்கி விழுந்தனான். பொலிசுக்கும் அதுதான் சொன்னனான், டொக்டருக்கும் அதுதான். உனக்கும் அதுதான். இந்தா, கொக்கா நிக்கிறா, அவவோட கதை."

தொலைபேசியை என் கையில் தந்தார். தம்பி அழுதுகொண்டிருந்தான். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். போகும்போது அவருடைய இடது தோள் கதவு நிலையில் மோதியது. குழந்தையை வலக்கைப் பக்கம் மாற்றிக்கொண்டு நடந்தார்.