ஆறு பக்கமும் எழுதிய பெட்டி

ஒஸ்லோவில் என்னுடன் இருக்கும் மருமகன் உரிமம் வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர். சில வருடங்களுக்கு முன், திருத்த வேலைக்காகத் தன் துப்பாக்கியை ஸ்தவாங்கரில் உள்ள கடைக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. உள்ளே தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்தார். என் வற்புறுத்தலில் மூன்றாம் முறையும் பார்த்தார். சுடும் பாகத்தைக் கழற்றித் தனிப்பொதியாக்கி, மீதியை ஒரு பெட்டியில் வைத்து ஒட்டினார்.

ஊரில் போர்க்காலத்தில் தினமும் நான்கு இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போனவன் நான். கேட்குமுன் சொல்லிவிடுவது என் பழக்கம். தபால் நிலைய வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் காரை நிறுத்தப் போன நேரத்தில், பெட்டியின் ஆறு பக்கமும் 'துப்பாக்கி' என்று நோர்வே மொழியில் பெரிதாக எழுதிவிட்டேன்.

உள்ளே பொதிகளை வாங்கும் பெண் ஊழியர் பெட்டியை ஏற்கவில்லை. "வழியில் பலர் கை மாறும். வெளியே ஒன்றும் தெரியக்கூடாது. என்னிடம் சொன்னால் போதும்," என்றார்.

மருமகன் வந்து பார்த்தார். "மாமா, கள்ளனுக்கு ஆறு தரம் அறிவிச்சிருக்கிறியள். களவு போனா என்ரை உரிமமும் போயிடும்."

"ஒளிக்கக் கூடாதெண்டுதான், தம்பி."

"ஆர் ஒளிச்சது? தபால் படிவத்திலை துப்பாக்கியெண்டு எழுதினனான்தானே."

புதுப்பெட்டி வாங்கி மாற்றி அனுப்பினோம். இப்போது முறுக்குப் பொதி அனுப்பினாலும் வெளியே இரண்டு விலாசங்கள் மட்டுமே எழுதுகிறேன். எழுதியபின் ஆறு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.