சாணைக்கல்லான ஊறுகாய் ஜாடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கறிக்கத்தி என் மானத்தை வாங்கிவிட்டது.

பெண்ணாடத்திலிருந்து நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கறிக்கடையில் கூட்டம். கடைக்காரர் பெரிய பெரிய துண்டுகளாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டில் வைத்துச் சின்னதாக நறுக்கிக்கொள்ளலாம் என்று நானும் வாங்கி வந்துவிட்டேன். நறுக்கலாம்தான்... கத்தி வெட்டினால்தானே! சவ்வின் மேல் வைத்து இழுக்கிறேன், இழுக்கிறேன் – சவ்வும் கத்தியோடு கூடவே வருகிறது. நாத்தனார் பலகையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.  

கத்தி வாங்குவது சுலபம். கடையில் இருக்கும்வரை எல்லாக் கத்தியும் வெட்டும். அதைத் தீட்டுவதற்கு எதை வாங்குவது? அங்கேதான் வம்பே. நான் பார்க்காத சாணையா? சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், தெருவில் சக்கரத்தோடு வரும் சாணைக்காரர். பொறி பறக்கப் பறக்கப் பிடித்துக் கொடுப்பார். பார்க்க அழகு. ஆனால் மூன்று தடவை கொடுத்ததில் கத்தியில் பாதி பொறியாகவே பறந்துவிட்டது. என் காய்க் கத்தி இப்போது பேனாக் கத்தி அளவுக்கு வந்து நிற்கிறது.

அடுத்தது, இரும்புக் கடையில் வாங்கிய சாணைக்கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் வழவழப்பு. குறை சொல்ல முடியாத கல். தண்ணீர் தெளித்து, கத்தியை ஒரே சாய்வாகப் பிடித்து, நிதானமாகத் தேய்க்க வேண்டுமாம். நிதானமாம் நிதானம்! உலை கொதிக்கிற நேரத்தில் எந்த வீட்டில் கிடைக்கிறது அது? என் அவசரத்தில் போன மாதம் கை நழுவி விழுந்து, கல் மூன்று துண்டாகிவிட்டது.

மூன்றாவது, என் வீட்டுக்காரரின் கைங்கரியம். வேப்பூரில் பஸ் நின்றபோது ஒருவர் ஏறி விற்றாராம். கைப்பிடி வைத்த சின்ன சாமான், நடுவில் இரண்டு இரும்புச் சக்கரம். கத்தியை இடையில் விட்டு இழுத்தால் போதும். விற்றவர் அப்படித் தீட்டிய கத்தியால் காகிதத்தை அந்தரத்திலேயே வெட்டிக் காட்டினாராம். நாங்கள் என்ன காகிதமா சமைக்கிறோம்? நாலு தடவை இழுத்ததும் எங்கள் கத்திக்குப் பல் முளைத்துவிட்டது.

அந்தப் பல் முளைத்த கத்தியோடுதான் ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எங்கள் ஊர் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளையில் வேலை. கத்தியை வாங்கினார். அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்த ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தபடியே எடுத்து, அதன் அடி விளிம்பில் சர்... சர்... என்று இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. அவ்வளவுதான். கறி வாழைத்தண்டு மாதிரி அறுபட்டது.

ஜாடி முழுக்கப் பளபளப்புப் பூச்சு இருந்தாலும் அடி விளிம்பில் மட்டும் பூச மாட்டார்களாம். பூசினால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். அந்த மொட்டை விளிம்புதான் கத்திக்கு நல்ல சாணையாம். கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் தீட்டுகிறார்களாம். கல்யாணமாகி எட்டு வருஷம் – நான் சாணை சாணையாக வாங்கியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மனிதர்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நான் கேட்கவில்லையாம்.

நாத்தனார் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஜாடியை எடுத்து வைக்கப் போனேன். அடியில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். அப்போதுதான் உறைத்தது. ஜாடி எங்களுடையது இல்லை. செண்பகம் அக்காவுடையது!

செண்பகம் அக்கா அடுத்த வீடு. சுத்த சைவம். யார் வீட்டிலாவது முட்டை பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிறவர். அப்படிப்பட்டவர் எங்கள் வீட்டில் காபி குடிப்பார். அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகக் கழுவித் தனியாக வைத்திருக்கிறேன். அது கவுச்சிப் பாத்திரத்தோடு சேராது என்று முதல் நாள் சொன்னேன். அப்புறம் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் வார்த்தை ஒன்றுதான் அந்த டம்ளருக்குக் காவல். அவர் நார்த்தங்காய் போட்டுக் கொடுத்தனுப்பிய ஜாடியில் என் வீட்டுக் கறிக்கத்தி!

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். கோடு மங்கியதே தவிர போகவில்லை. போயிருந்தால் மட்டும் என்ன? எனக்குத் தெரியுமே.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. “எல்லாம் ஒரே அச்சுதான். அதே மாதிரி ஒண்ணு கொண்டாறேன். அவங்களுக்கு என்னா தெரியப் போவுது?” என்றார். மறுநாளே கொண்டு வந்தும் விட்டார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா மதில் பக்கம் வந்தார். மாங்காய் வந்திருக்கிறதாம், ஊறுகாய் போட ஜாடி வேண்டுமாம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். கழுவித் தருகிறேன் என்று ஒரு பொய்யும் சொன்னேன். அதே மூச்சில் காபி போட்டுக் கொடுத்தால் அக்கா மறுபேச்சில்லாமல் குடிப்பார். அதுதான் என்னைப் போட்டு அறுத்தது. அன்று காபி போடவே இல்லை.

புதன்கிழமை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு போய் அக்கா முன்னால் வைத்தேன். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

அக்கா பழைய ஜாடியைத் திருப்பி அடியைப் பார்த்தார். விளிம்பில் விரல் படாமல் கீழே வைத்தார். இத்தனை வருஷப் பழக்கம் இத்தோடு சரி என்றுதான் நினைத்தேன்.

“இது உன் வூட்டுலயே இருக்கட்டும். இதுல ஊறுகா போட இனிமே எனக்குக் கை வராது” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

“புதுசை மட்டும் கொண்டாந்து குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுக்கா.”

“அப்புறம் ஏன் சொன்ன?”

 எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயதை நெருங்குகிறேன், ஒரு ஜாடிக்காக அழுகிறேன்.

அக்கா விடுவிடுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தி! பயப்படாதீர்கள், காய்க் கத்திதான். புது ஜாடியைக் கவிழ்த்து என் முன்னால் நகர்த்தினார். தக்காளிகூட நசுங்குகிறதாம், எப்படித் தீட்டுவது என்று காட்டச் சொன்னார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தீட்டிக் கொடுத்தேன். ஒரு மாங்காயை எடுத்து நறுக்கிப் பார்த்தார். நறுக் நறுக்கென்று விழுந்தது. கண்ணை மாங்காயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

“இத்தினி நாளு காபியோட போயிட்டிருந்தேன். ஒரு நாளு சோறு ஆக்கு, சாப்புட வரேன். கறி எடுக்காத நாளாப் பாத்துச் சொல்லு.”

ஆகவே, சாணை வாங்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு – பீங்கான் ஜாடி. ஆனால் சொந்த ஜாடியாக இருக்கட்டும்... எல்லா அடுத்த வீட்டிலும் செண்பகம் அக்கா இருக்க மாட்டார்!