தறிக்குழியில் ஒரு செருப்பு

முதியோர் இல்லங்களுக்கான அரசு விதிகளில் தரையைப் பற்றி ஒரு வரி உண்டு. தளம் சமமாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, காலை இடறும் எதுவும் நடக்கும் வழியில் இருக்கக் கூடாது. பணிக்காலம் முழுவதும் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட விதி அபூர்வம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் நீல ரப்பர் செருப்புதான் கண்ணில் வருகிறது. வலது கால் செருப்பு. இடது கால் செருப்பு என் வீட்டில், கட்டிலடியில் பத்திரமாக இருக்கிறது.

அக்கா அரசு மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியராக இருந்தவள். அவள் வார்டுக்குள் நுழையுமுன் செருப்புச் சத்தம் நுழையும். ஊழியர்கள் பீடியை அணைப்பார்கள். நோயாளிகள் முனகலை நிறுத்தித் தலையைத் திருப்புவார்கள். "சத்தம் போடாத செருப்பு போட்டுகினு போனா, நான் வர்றது வலியில கெடக்கிறவனுக்கு எப்பிடிடா தெரியும்?" என்பாள். கணவர் இறந்த பிறகு, வெளிநாட்டிலிருக்கும் மகனிடமும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. "உன் வூட்டுக்கு வந்தா உன் பொண்டாட்டிக்கு நான் இன்னொரு மாமியாராயிடுவேன். வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டு ஆரணியிலேயே ஓர் இல்லத்தில் சேர்ந்தாள். கழிவறைக்குப் போக இன்னொருவர் தோளைப் பிடிக்கும் நாள் வரக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு பிரார்த்தனை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்த இல்லம் அதற்கு முன் பட்டுத் தறிக்கூடம். தறிகளைக் கழற்றி விற்ற முதலாளி, அதே வரிசையில் கட்டில்களைப் போட்டார். நெய்பவர் காலை இறக்கி மிதிப்பதற்கென்று ஒவ்வொரு தறிக்கும் தரையில் ஒரு குழி இருக்கும். அவற்றைத் தூர்க்காமல் மேலே பலகை போட்டு மூடினார். எங்கள் ஊரில் இதில் யாரும் குறை காண மாட்டார்கள். தறி ஓடாத வீடுகளிலெல்லாம் அப்படித்தான். பலகையைக் கண்டால் இந்த ஊர்க் கால்கள் தாமாக விலகும். அதனால் தறிக்குழியை எவரும் குழி என்றே எண்ணுவதில்லை.

மற்ற வசதிகளும் தரைக்குப் பொருத்தமாகவே இருந்தன. இரவு பகல் செவிலியர் சேவை என்று வாசலில் பலகை. சேவை செய்தது ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண். ஒரு நீலக் கோட்டை மாட்டியதும் செவிலியராகிவிட்டாள். தீயணைப்புக் கருவி ஒரு நகைக்கடை நாட்காட்டிக்குப் பின்னால் ஓய்வெடுத்தது. கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி உண்டு. அது ஒலிக்கும் அறையில் ஆள் இல்லை. இரத்த அழுத்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: "எங்க எல்லாருக்கும் ஒரே பிபி தம்பி. அவ்ளோ ஒத்துமையா இருக்கிறோம்."

முதலாளியிடம் நான் குழிகளைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இன்னா சார், ஆரணில பொறந்துட்டு தறிக்குழியப் பாத்து பயப்படறீங்க? எங்கப்பன் இதே குழில கால வுட்டுகினு எங்களையெல்லாம் வளத்தாரு." அவருடைய அப்பாவுக்கு அந்த வயதில் கண் தெரிந்தது, எலும்பும் உறுதியாக இருந்தது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. ஆடி மாதத்தில் உரிய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். விதியை மேற்கோள் காட்டி, குழிகள் இருக்கும் இடங்களை வரைந்து, ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினேன்.

முன்னறிவிப்பின்றி வர வேண்டிய ஆய்வுக் குழு வரப்போவது, பிரியாணிக்குச் சொல்லி வைக்கும் அளவுக்கு முன்கூட்டியே இல்லத்துக்குத் தெரிந்திருந்தது. முதலாளி என் மனுவுக்கு மரியாதை செய்தார். கூடம் முழுவதும் சுவர் முதல் சுவர் வரை பச்சை விரிப்பை விரித்தார். பலகைகள் மறைந்தன. அதுவரை அந்த முதியவர்களைக் காப்பாற்றி வந்தது, பலகை கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதிகாரிகள் கூடத்தை வாசலிலிருந்து பார்த்துத் திருப்தியடைந்து மாடிக்குச் சாப்பிடப் போனார்கள். பரிமாற இல்லத்து ஊழியர் அனைவரும் மாடிக்குப் போனார்கள். கீழே பக்கத்துக் கட்டில் பெரணமல்லூர் அம்மாவுக்குப் புரையேறியது. மணியை அழுத்தினார், யாரும் வரவில்லை. அக்கா எழுந்தாள். ஒரு நோயாளியிடம் போகும் வேகத்தில்தான் போயிருப்பாள். விரிப்புக்கு அடியில் உளுத்த பலகை முறிந்தது. அவளை மேலே தூக்கியபோது இடுப்பெலும்பு உடைந்திருந்தது; வலது கால் செருப்பு குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. "மொதல்ல அந்தம்மா முதுகத் தட்டுங்கடி" என்றுதான் தூக்க வந்தவர்களிடம் சொன்னாளாம்.

அவள் மருத்துவமனையில் கிடந்தபோதே முதலாளி எல்லாக் குழிகளிலும் செங்கல் உடைசலைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசிவிட்டார். கேட்டபோது செய்யாத வேலையை என்ன சுறுசுறுப்பாகச் செய்தார் என்று வியந்தேன். செருப்பும் அதற்குள் போயிற்று.

இப்போது அக்கா என் வீட்டில் இருக்கிறாள். அவள் வருவதை அறிவிப்பது, ஊன்றி நடக்கும் வாக்கரின் இரும்புச் சத்தம். கழிவறைக்குப் போக என் மனைவியின் தோளைப் பிடிக்கிறாள். பிடிக்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பழையதைக் கழிக்கும் நாளில் என் மனைவி கிழிந்த பாயோடு அந்த ஒற்றைச் செருப்பையும் எடுத்தாள். "ஜோடி இல்லாதத வெச்சுகினு இன்னா பண்ணப் போறீங்க அண்ணி?" என்று கேட்டாள். "அத வுடும்மா, இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அன்று பகலில்தான் தபால்காரர் அந்த உறையைத் தந்தார். இல்லத்தின் தளம் சமமாக உள்ளது. மனுதாரர் குறிப்பிடும் குழி எதுவும் காணப்படவில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தாள். "குழியே இல்லியாமே. அப்போ என் செருப்பு எங்கடா போச்சு? அதயும் கேட்டு எழுது."

கட்டிலடியிலிருந்த இடது கால் செருப்பைப் படமெடுத்து, இணைப்பு ஒன்று எனக் குறிப்பிட்டு, அன்றே எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ஆடியில் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்தது, மார்கழியின் கடைசி நாள், போகியன்று.