வாய்ப்பூட்டுப் போட்ட அம்புத்தாங்கி

அந்த அக்டோபரில் ஆர்லன் நைகார்டின் வில் பேசத் தொடங்கியது. நாணை இழுத்தால் போதும், அம்பு படுத்திருக்கும் தாங்கியிலிருந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம். தாங்கி என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. இரண்டு விரலை விரித்துப் பிடித்தது போன்ற ஓர் இரும்புக் கவை. அம்பு அதன்மேல் சறுக்கிப் பின்னால் வரும். நமக்குக் கேட்டும் கேட்காத சத்தம்தான். மான் காதுக்கு அது தமுக்கு. அந்த வேட்டைப் பருவத்தில் அவர் ஏறி உட்கார்ந்த மரத்தடிக்கு வந்த மான்களெல்லாம் அதைக் கேட்டுத்தான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

வடக்கு விஸ்கான்சினில் இது புது வியாதி அல்ல, வைத்தியமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருப்புக் கடிக்கு ஒட்டுகிற மெத்துத் துணியை வெட்டிக் கவையில் ஒட்ட வேண்டும். போதாவிட்டால் சூடு காட்டினால் சுருங்குகிற ரப்பர்க் குழாயை மாட்ட வேண்டும். ஆர்லன் இரண்டையும் செய்து பார்த்தார். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

மனைவி ரோண்டாவின் தம்பி டுவேன் ஒருநாள் கார் கொட்டகைக்கு வந்து வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தான். வில் மூச்சே விடவில்லை.

"எங்க மச்சான் சத்தம்? எங்கிட்ட வாயே தொறக்கலியே."

"நல்லா இழுத்துப் பாரு."

"காது வரைக்கும் இழுத்தாச்சு. ஒங்கிட்ட மட்டும்தான் பேசும் போல. எங்கக்காவும் கல்யாணமான புதுசுல அப்படித்தான இருந்தா."

ஆர்லனும் சேர்ந்து சிரித்தார். டுவேனின் வண்டி போன பிறகு கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, தன் இடது கையை நீட்டிப் பார்த்தார். வில்லைப் பிடிக்கிற கை. அது ஆடிக்கொண்டிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆர்லனுக்கு ஆடத் தெரியும், அதுதான் கொடுமை. அந்த வட்டாரத்தில் அவரைப்போல அசையாமல் வில் பிடித்தவன் கிடையாது. கோடையில்தான் இந்த நடுக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. டாக்டரிடம் போனால் அதற்கொரு பெயர் வைப்பார். பெயர் வந்துவிட்டால் பஸ் போய்விடும். வேலை பார்த்த காகித ஆலை மூடியபின் அவருக்கு ஓட்டக் கிடைத்தது அந்த மஞ்சள் பள்ளிக்கூட பஸ்தான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷனாக அவரை ஆக்கியதும் அதுதான். பஸ் இல்லாத ஆர்லன் யார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆகவே கெட்டுப்போனது தாங்கி, கை அல்ல. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு மானைச் சுத்தமாக அடித்துவிட்டால் கை நல்ல கைதான். மனதுக்குள் அப்படி ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார் பாவி மனுஷன்.

காலையில் ரோண்டா காபியைக் கோப்பையில் பாதிதான் ஊற்றி வைத்தாள்.

"ஏன், முழுசா ஊத்த மாட்டியா?"

"ஆறிப்போயிடும்ப்பா. குடி, மறுபடி ஊத்துறேன்."

"எப்ப இருந்து இந்தப் புதுப் பழக்கம்?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். கையைப் பற்றிக் கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் தூக்கம் வராது. பாவம், அவள் தூக்கத்தை விட்டுக்கொடுத்திருந்தாள்.

கடைசியில் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கிழித்து, கவையின் இரண்டு விரலுக்கும் தடிமனாகச் சுற்றி, நூலால் கட்டினார் ஆர்லன். இழுத்தார். சத்தம் இல்லை. மறுபடி இழுத்தார், அப்போதும் இல்லை. கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு பெண் மான் வந்தது. ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, விலாவைக் காட்டி நின்றது. ஆர்லன் இழுத்தார். தாங்கி வாய் திறக்கவில்லை. மான் தலை நிமிரவில்லை. அம்பின் முனை மட்டும் தோளிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து தோளுக்குமாக அலைந்தது. இறக்கிவிடு என்று உள்ளே ஒன்று சொன்னது. பருவம் முடியப் போகிறதே என்று இன்னொன்று சொன்னது. அம்பை விட்டுவிட்டார்.

மான் முதுகைக் கூனிக்கொண்டு, ஓடாமல், நடந்து போயிற்று. அடி சரியாகப் படவில்லை என்பதற்கு அது போதும். இறங்கிப் போய் அம்பை எடுத்தால் பச்சையாக வழவழப்பு, சாண நாற்றம். குடல். இங்கே ஒரு வேட்டைக்காரன் கேட்கக் கூசுகிற சொல் அதுதான். குடலில் அடிபட்ட மான் மெல்லத்தான் சாகும், உடனே பின்தொடர்ந்தால் வலியோடு காடெல்லாம் ஓடும், காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தார். மழை வந்து, இருந்த கொஞ்ச ரத்தத்தையும் கழுவத் தொடங்கியது. டுவேனைப் போனில் கூப்பிட்டார்.

இருவரும் சதுப்புக்குள் புதர்களை விலக்கிக்கொண்டு தேடினார்கள். பிற்பகலில் ஆர்லன்தான் கண்டார். தண்ணீரோரம் படுத்திருந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கி அவரையே பார்த்தது.

"முடிச்சிடு மச்சான். பாக்க முடியல," என்றான் டுவேன்.

ஆர்லன் அம்பை வைத்தார். அது தாங்கியிலிருந்து விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடி விழுந்தது. டுவேன் மானைப் பார்ப்பதை விட்டு அவர் கையைப் பார்த்தான். பிறகு தன் வில்லை எடுத்து மானின் வேதனையை முடித்தான்.

இருவரும் மழையில் நின்றார்கள்.

"எவ்வளவு நாளா?"

"கோடையில இருந்து."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

டுவேன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பஸ் ஓட்டுறியே மச்சான். எம் பொண்ணு அதுலதான வர்றா."

ஆர்லனுக்கு அடித்ததுபோல் ஆயிற்று. அத்தனை நாளும் பஸ் தன்னுடையது என்று நினைத்தாரே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களை ஒருமுறைகூட நினைக்கவில்லை. கவையில் சுற்றியிருந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் ஒவ்வொரு மானையும் காப்பாத்திச்சு, டுவேன். நான்தான் அது வாயக் கட்டுனேன்."

மானை வெளியே இழுத்து வந்து வண்டியில் ஏற்றினார்கள். ஆர்லன் போனை எடுத்தார். விரல் எண்ணில் நிற்கவில்லை. டுவேன் வாங்கி, பஸ் கொட்டகை மேலாளர் எண்ணை அழுத்திக் கொடுத்தான்.

"ஆர்லன் பேசறேன். திங்கக்கிழமை என் வண்டிக்கு வேற ஆள் போடுங்க."

"சரி, ஒடம்பு சரியில்லையா? எத்தன நாளு லீவு?"

"லீவு இல்ல," என்றார் ஆர்லன்.