கணவர் பெயர் என்றொரு கட்டம்

ஆண் பெண் சமம் என்று பாடம் எடுக்கும் தொழிலில் ஒரு வம்பு உண்டு: எதிரே இருப்பவர்கள் உண்மையிலேயே கவனித்துக் கேட்டுவிட்டால் நாம் தொலைந்தோம். மைக் பிடித்துத் தொண்டை கட்டிய சக பயிற்சியாளர்களே, உங்களுக்குத் தெரியாததா?

தாம்பரத்தில் ஒரு மாடி ஹாலில், இளைஞர் மையங்களில் வேலை பார்க்கும் இருபது பேருக்கு மூன்று நாள் பயிற்சி. முடிவில் அவர்களில் ஒருவரை முடிச்சூர் மையத்தின் பொறுப்பாளராக நான் சிபாரிசு செய்ய வேண்டும். அந்த வேலை, இருபது பேரில் ஒருவரான ரேவதிக்கு ரொம்பத் தேவை. நாலு வருஷமாகத் தற்காலிகம் என்றே ஓட்டிக்கொண்டிருந்தார்.

சார்ட் பேப்பர்

முதல் நாள் குழு விவாதம். தலைப்பு, 'கூட்டங்களில் பெண்கள் ஏன் பேசுவதில்லை?' எல்லாக் குழுவிலும் பெண்கள் தரையில் குந்தி ஸ்கெட்ச் பேனாவால் எழுதினார்கள். கையெழுத்து அழகாக இருக்குமாம். எழுந்து பேசியதெல்லாம் ஆண்கள். திருமுடிவாக்கம் தினேஷ், ரேவதி எழுதிய சார்ட்டைப் பிடித்துக்கொண்டு, பெண்களுக்குப் பேச வாய்ப்புத் தரவேண்டும் என்று கால் மணி நேரம் விடாமல் பேசினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "நீங்க எழுதினதை நீங்களே பேசினா என்னம்மா?" என்று ரேவதியைக் கேட்டேன்.

"பேசலாம் மேடம். தம்பியை நடுவுல நிறுத்தினா விட்ட இடம் தெரியாம கஷ்டப்படும், அதான் பாக்கிறேன்."

அப்பா வேஷம்

மறுநாள் நடிப்பு. தினேஷுக்கு மகள் வேஷம், ரேவதிக்கு அப்பா வேஷம். சாயங்காலம் மையத்துக்கு கேரம் ஆடப் போக மகள் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ரேவதி நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு ஆரம்பித்தார். யார் யார் வருவாங்க? பசங்களும் இருப்பாங்களா? எத்தனை மணிக்கு முடியும்? அதுக்கு ஏன் தலை வாரியிருக்க? போனை இங்க குடு.

ஐந்தாவது கேள்வியிலேயே தினேஷுக்கு வேர்த்துவிட்டது.

"இன்னாக்கா, ஒரே பேஜாரா கீது. கேரமும் வாணாம், ஒண்ணும் வாணாம், நான் வூட்லயே இருந்துக்கிறேன்."

ஒரு கட்டம் காலி

கடைசி நாள், பொறுப்பாளர் வேலைக்கு எல்லாரும் நிரப்பிய விண்ணப்பப் படிவங்களை வாங்கினேன். ரேவதியின் படிவத்தில் ஒரு கட்டம் காலி. பசி நேரம், எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஃபாரம் நிரப்பத் தெரியாதவங்க மையத்தை எப்படி நடத்துவாங்க?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

ரேவதி எழுந்து நின்றார். "மூணு வருஷமா நானும் பொண்ணும் தனியா இருக்கோம் மேடம். அந்த ஆளு பேரை எழுத எனக்கு இஷ்டமில்ல."

அப்போதுதான் அந்தக் கட்டத்தைப் படித்தேன். 'தந்தை பெயர். மணமான பெண்கள் கணவர் பெயர் எழுதவும்.' தினேஷுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவரிடம் யாரும் மனைவி பெயர் கேட்கவில்லை. படிவத்தைத் தயாரித்தது யார்? நான்தான். ஆறு வருஷமாக அதையே நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டு, சமத்துவமும் பேசியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டு, இருபது படிவத்திலும் அந்த வரியை அடித்தேன்.

ரேவதி தன் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஃபாரம் தயாரிக்கத் தெரியாதவங்களே பயிற்சி நடத்துறப்போ, நிரப்பத் தெரியாத நான் ஒரு மையம் நடத்த மாட்டேனா மேடம்?"

இப்போது முடிச்சூர் மையத்துக்கு ரேவதிதான் பொறுப்பாளர். நான் அங்கே வகுப்பெடுக்கப் போனால், வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் படிவங்களை வாங்கி ஒரு வரி விடாமல் படிக்கிறார்.