ஒண்ணும் பண்ணல

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவள். வேலை முடிந்த பிறகும் சாவியைக் கொடுக்காமல் வண்டியை இன்னொரு முறை சுற்றி வருவாள். பக்கத்துக் கடையில் டயர் மாற்றும் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என் ஜாக்கை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராமல் பழி தீர்த்துக்கொள்வாள்.

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுவதில் ஆரம்பித்தவள். எலக்ட்ரிக் கார்கள் வந்த புதிதில், இதெல்லாம் நாலு நாள் கூத்து என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?" வருகிறவர்களும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "ஒண்ணும் பண்ணல." அந்தப் பதிலை அவள் நம்பி நான் பார்த்ததில்லை, அவள் தம்பி சொன்ன அந்த ஒரு நாளைத் தவிர.

தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். துருவைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. கேட், ஜன்னல் கம்பி, கேட்காமலே பக்கத்து வீட்டு சைக்கிள் என்று எதையும் விட்டுவைக்க மாட்டான். அன்று மதியம் தன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்சீட்டில் அவன் மனைவி, நிறைமாதம்.

"டேஷ்போர்டுல லைட்டெல்லாம் கண்ணடிக்குதுக்கா. என் மேல ஒரு கண்ணு போல."

"சிரிக்காதீங்க" என்றாள் மனைவி. "குலுங்குறப்போ மொத்தமா அணைஞ்சு அணைஞ்சு வருது அண்ணி. பயமா இருக்கு."

"எப்பத்துலேர்ந்து?"

"போன வாரத்துலேர்ந்துதான்" என்றான் தம்பி.

"அதுக்கு முன்னாடி என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

எலக்ட்ரிக் காரிலும் பெரிய பேட்டரியோடு சின்ன பேட்டரி ஒன்று உண்டு. விளக்கு, கம்ப்யூட்டர், ஸ்டியரிங்கை இலகுவாக்கும் மோட்டார் எல்லாம் அதை நம்பித்தான். அது கைவிட்டால், பெரியதில் சார்ஜ் நிறைய இருந்தும் கார் செத்துவிடும். அவள் மீட்டர் வைத்துப் பார்த்தாள். பேட்டரி நன்றாக இருந்தது. அதற்குச் சார்ஜும் ஒழுங்காக ஏறியது. பாடியோடு சேரும் எர்த் ஒயரின் போல்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தாள். பளிச்சென்று, துருவே இல்லாமல் இருந்தது. ஸ்பேனரால் ஒரு அழுத்து அழுத்தினாள், இறுக்கமாகவே இருந்தது. நின்ற வண்டியில் ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"வண்டி இங்கயே இருக்கட்டும்."

"இன்னைக்கு அட்மிட் பண்றோம்னு சொல்லியிருக்காங்க. சொந்த வண்டிய வச்சுக்கிட்டு வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

பிடித்தால் பிடித்த பிடிதான் அவன். ஆஸ்பத்திரி மலைச் சரிவுக்குக் கீழே இருந்தது. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கருவிகளைத் துடைத்துவைத்தவள் ஸ்பேனரின் வாயில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிறத் துணுக்கு. முகர்ந்தாள். அவள் முகம் வெளுத்தது.

"பெயின்ட். போல்ட்டக் கழட்டி, துருவத் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு, அது மேலயே ஒயர மாட்டியிருக்கான். பெயின்ட்ல எப்படிங்க கரன்ட் போகும்?"

மழையில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும். அவ்வளவு கரன்ட்டை அந்த போல்ட் தாங்காது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, தம்பி எடுக்கவில்லை. என் பைக்கில் ஏறிக் கிளம்பினோம். பின்னால் என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகிக்கொண்டே வந்தது.

இறக்கத்தின் வளைவில் கார் தடுப்புச் சுவரில் மூக்கை முட்டி நின்றது. ஒரு விளக்கும் எரியவில்லை. தம்பி நனைந்துகொண்டு வெளியே நின்றான்.

"ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சுக்கா. பிரேக் பிடிச்சேன். மெதுவாத்தான் மோதுச்சு."

அவள் நேராக பானெட்டைத் திறந்தாள். போல்ட்டைக் கழற்றினாள், கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிந்ததும் ஒயரை முறுக்கினாள். ஸ்டார்ட் செய்ததும் எல்லா விளக்குகளும் சிமிட்டாமல் எரிந்தன. அப்பாடா என்று திரும்பினேன். பின்சீட்டில் அவன் மனைவி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவே ஓட்டினாள். நான் பின்னாலேயே போனேன்.

வாசலில் நர்ஸ் கேட்டாள். "வர்ற வழியில அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லங்க, ஒண்ணும் ஆகல" என்றான் தம்பி.

எனக்கு அவனை அறையவேண்டும்போல் இருந்தது. அதற்குள் அக்கா அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "ஆச்சும்மா. கார் செவுத்துல மோதுச்சு. பெல்ட் வயித்த அழுத்தியிருக்கு. உடனே பாருங்க."

நர்ஸின் முகம் மாறியது. அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் ஓடியது. உள்ளே ரத்தக் கசிவு, உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கதவு மூடிக்கொண்டது.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான். அக்கா அவற்றை வெளியே இழுத்து நகங்களைப் பார்த்தாள். சாம்பல் நிறம் இன்னும் போகவில்லை.

"அதுக்கு முன்னாடி என்னடா பண்ணின?"

"துரு இருந்துச்சுக்கா. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. பெயின்ட் அடிச்சேன்."

அவள் அவன் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன என்றாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தை இல்லை என்றும் சொன்னாள். தம்பி அந்தக் கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.