அப்பாவோடு படத்தில் நின்றவர்

எங்கள் வீட்டில் பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நாங்கள் பௌத்தர்கள். திதி கிடையாது, படையல் கிடையாது, செத்தவர் செத்தவர்தான் என்று வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நானே இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளில் எங்கள் தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் பக்கம் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தேன். மெக்சிகோவிலிருந்து ஒரு சுரங்க இன்ஜினியர் வந்து கொஞ்சகாலம் தங்கியிருந்தார். அவர் மனைவி பெயர் லூப்பே, எங்களுக்கு லூபம்மா. அதிகாரமெல்லாம் பண்ணமாட்டார், என்னோடு தரையில் உட்கார்ந்து அம்மி அரைப்பார், கடைத்தெருத் தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்டு அதிலேயே பேசுவார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து ரொட்டி தட்டுவார். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைச் சாப்பாட்டில் போடுகிறாரே என்று முதல் நாள் பயந்தே போனேன், தின்று பார்த்தால் அப்படி மணக்கிறது. மிளகாயை நம்மைவிட அதிகம் தின்பார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நவம்பர் பிறந்ததும் அவர்கள் ஊரில் செத்தவர்களுக்கு விருந்து வைப்பார்களாம். பேத்தமங்களாவிலிருந்து கூடை கூடையாகச் செண்டுப்பூ வரவழைத்து, வாசலிலிருந்து கூடம்வரை இதழ்களைத் தூவினார், வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டுமாம். மேசையில் அவர் அம்மாவின் படம், மெழுகுவர்த்தி, தண்ணீர், சோளத்தோகையில் மடித்து அவித்த கொழுக்கட்டை, பக்கத்தில் கோழிக்குழம்பு. அந்தக் குழம்பு கறுப்பாக இருக்கும், மிளகாயோடு சாக்லேட் அரைத்துவிட்டு மேலே எள் தூவுவார்.

"உன் அப்பா படம் கொண்டு வா, மணி" என்றார். அப்பா அந்த வருஷம்தான் சுரங்கத் தூசு நெஞ்சில் கட்டி இறந்திருந்தார். படையலே வேண்டாம் என்ற மனிதருக்குப் படையலா என்று முதலில் தயங்கினேன். ஆனால் கடைசியில் ஒரு வாய் சோறுகூட விழுங்க முடியாமல் பசியோடு போனாரே, அதை நினைத்து அழுகை வந்துவிட்டது, சரி என்றேன்.

வீட்டில் இருந்தது ஒரே படம். என் கல்யாணம் பேசி முடித்த அன்று ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் என் வீட்டுக்காரர் மாணிக்கம் விறைப்பாக நிற்பார். சுரங்கத் தொழிலாளி வீட்டில் ஆளுக்கொரு படத்துக்கு எங்கே போவது? காலையில் அவர் ஷிப்ட்டுக்குப் போனதும் அந்தப் படத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மத்தியானம் லூபம்மா மேசைக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஆள் யாரு?"

"என் வூட்டுக்காரரும்மா."

"எப்போ செத்தார்?"

"ஐயய்யோ, இன்னாம்மா இப்டி கேக்கறீங்க! அவரு ஷிப்ட்டுல இருக்காரும்மா."

அவர் முகம் செத்துப்போயிற்று. சிலுவை போட்டுக்கொண்டு படத்தை வெடுக்கென்று பிடுங்கினார். "உயிர் இருக்கிற ஆள் இங்கே கூடாது மணி! கூப்பிடுவாங்க, கூட்டிப் போவாங்க!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தரை குலுங்கி அலமாரியிலிருந்த தட்டெல்லாம் உருண்டது. எங்கள் ஊரில் பூமி அதிர்வது புதிதில்லை, கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் ஆடும். ஆனால் அன்று செருப்புகூடப் போடாமல், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட்டுக்கு ஓடினேன்.

அங்கே பெண்களெல்லாம் கூடி நின்றார்கள். ஆளேற்றும் கேஜ் மேலே வரும், ஆட்கள் இறங்குவார்கள், அவர் இருக்கமாட்டார், மறுபடி கீழே போகும். நானே என் புருஷனைச் செத்தவர்களோடு உட்காரவைத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். சாயங்காலம் கடைசியாக வந்தவர்களோடு அவர் வந்தார். உடம்பெல்லாம் தூசு, ஒரு கீறல் இல்லை. கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"மாமா வந்தாரு மணி. கையில லைட்டு இல்ல, வேட்டியோட நின்னுக்கினு இருந்தாரு. 'வா மாப்ள, சாப்பாடு ஆறுது'ன்னாரு. அவரு செத்துட்டாருன்ற ஞாபகமே எனக்கு வரல, பின்னாடியே போனேன். ஒரு வாய் ஊட்டினாரு. அப்புறம் யாரோ என் சட்டைய புடிச்சி வெடுக்குனு இழுத்தா மாதிரி இருந்திச்சி, நின்னுட்டேன். அவரு மட்டும் முன்னால போனாரு. அந்த எடம் அப்டியே சரிஞ்சி மூடிக்கிச்சி."

"இன்னா ஊட்டினாரு?"

"கறுப்பா ஒரு கொழம்பு. காரமா, கொஞ்சம் கசப்பா, மேல எள்ளு. நீ ஒரு நாளும் அப்டி செஞ்சதில்லயே."

பங்களாவில் என்ன சமைத்தார்கள் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பா அவர். பசிக்குத் துணை தேடினாரா, மருமகனுக்கும் ஒரு வாய் கொடுக்க ஆசைப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பாவை நினைத்தால் அழுகை வருவதில்லை, பயம்தான் வருகிறது.

என் வீட்டுக்காரர் ரிட்டையராகி நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் நவம்பரில் ஏதாவதொரு மத்தியானம், நான் சோறு போட்டு வைத்தபிறகும் உட்காரமாட்டார். கை கழுவிக்கொண்டு போய் வாசலில் நின்று தெருவையே பார்ப்பார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் திரும்பாமலே சொல்வார்.

"இரு மணி. மாமா கூப்பிடட்டும்."